கூடம் கோணல் - லேத்தை மட்டம் பார்த்த கதை

"ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்" என்று ஒரு பழமொழி உண்டு. வேலை தெரியாதவர்கள் இடத்தின் மேல் பழி போடுவார்கள் என்பது அர்த்தம். வீட்டிலும் அலுவலகத்திலும் பரீட்சை ஹாலிலும் இந்தப் பழமொழியைக் கேட்காத ஆளே இருக்க முடியாது.

ஆனால் ஒரே ஒரு இடத்தில் மட்டும் இந்தப் பழமொழி செல்லாது. லேத் பட்டறை!

லேத் ஓட்டுகிற டர்னர் "தண்டு ஒரு பக்கம் தடித்து வருது சார், தரை கோணல்" என்று சொன்னால் சிரிக்கக் கூடாது. உண்மையிலேயே தரை கோணலாக இருக்கலாம். டன் கணக்கில் எடையுள்ள வார்ப்பிரும்பு இயந்திரத்தை, காலுக்கு அடியில் இருக்கிற ஒரு காகிதத்தின் தடிமன் கோணலாக்கி விடும். நம்ப முடிகிறதா? இதை மனிதன் கண்டுபிடித்ததும், கண்டுபிடித்த பிறகு "தப்பு யாருடையது" என்று சண்டை போட்டதும், அந்தச் சண்டையைத் தீர்க்க ஒருவர் புத்தகம் எழுதியதும் பெரிய கதை. அந்தக் கதைதான் இந்தக் கட்டுரை.

கை பிடித்த உளி

லேத் மிகப் பழைய இயந்திரம். தமிழில் கடைசல் இயந்திரம் என்பார்கள். எகிப்தில் பெட்டோசிரிஸ் என்பவருடைய கல்லறையில், கி.மு. 300 வாக்கில் செதுக்கப்பட்ட சிற்பம் ஒன்றில் லேத் இருக்கிறது. ஒருவர் கயிற்றை இழுத்துக் கட்டையைச் சுழற்றுகிறார், இன்னொருவர் உளியைப் பிடித்துக் கடைகிறார். கிடைத்திருக்கும் லேத் படங்களில் மிகப் பழையது இதுதான் என்கிறார்கள்.

அதன் பிறகு 2000 வருடத்துக்கு மேல் லேத்தின் அடிப்படை மாறவே இல்லை. கட்டை சுழலும், மனிதன் உளியைக் கையில் பிடித்திருப்பான். தரை மேடு பள்ளமாக இருந்தால் என்ன? ஒன்றும் ஆகாது. ஏனென்றால் உளியைப் பிடித்திருப்பது கை, அந்தக் கையைத் திருத்துவது கண். கட்டை ஒரு பக்கம் தடிப்பாக வந்தால் இன்னும் கொஞ்சம் அழுத்தினால் போதும். இயந்திரத்தின் தப்பை எல்லாம் மனிதன் தன் திறமையால் சரி செய்து கொண்டிருந்தான்.

அந்த உளியைக் கையிலிருந்து பிடுங்கி இயந்திரத்தின் மேலேயே பொருத்திய நாளில்தான் பிரச்சனை ஆரம்பித்தது.

30 ஷில்லிங் சம்பளக்காரர்

ஹென்றி மாட்ஸ்லே 1771-ல் இங்கிலாந்தில் வுல்விச் என்ற ஊரில் பிறந்தார். 12 வயதில் அங்கிருந்த ஆயுதக் கிடங்கில் தோட்டாக்களுக்கு வெடிமருந்து நிரப்பும் வேலை. பிறகு தச்சுப் பட்டறை, அதன் பிறகு கொல்லன் பட்டறை. படிப்பு பெரிதாக இல்லை. ஆனால் கை மட்டும் பேசும்!

18 வயதில் ஜோசப் பிராமா என்ற பூட்டுத் தயாரிப்பாளர் அவரை லண்டனுக்கு அழைத்துக் கொண்டார். பிராமாவின் பூட்டு அந்தக் காலத்தில் மிகவும் பிரபலம், ஆனால் அதன் பாகங்களைத் துல்லியமாகவும் மலிவாகவும் செய்வது பெரும்பாடு. அதற்கான இயந்திரங்களைச் செய்து கொடுத்தவர் மாட்ஸ்லே. அவருக்கு வாரச் சம்பளம் 30 ஷில்லிங். குடும்பம் பெருகியது, சம்பளத்தை உயர்த்தச் சொல்லிக் கேட்டார். முதலாளி மறுத்து விட்டார். 1797-ல் மாட்ஸ்லே வெளியே வந்து தனிப் பட்டறை போட்டார்.

ஒரு சம்பள உயர்வை மறுத்ததால் ஒரு முதலாளி இழந்தது எவ்வளவு என்று எந்தக் கணக்குப் புத்தகத்திலும் எழுத முடியாது!

அந்த வருடங்களில் மாட்ஸ்லே செய்த திருகு வெட்டும் லேத் இன்று லண்டன் அறிவியல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மேஜை மேல் வைக்கக் கூடிய சின்ன இயந்திரம்தான். நீளமான முக்கோண வடிவ இரும்புப் பட்டைகள், அவற்றின் மேல் வழுக்கிச் செல்லும் டூல் தாங்கி, அதை நகர்த்த ஒரு லீட் ஸ்க்ரூ, வேகத்தை மாற்றப் பல்சக்கரங்கள். இவற்றில் எதையும் அவர் முதன்முதலில் கண்டுபிடித்தார் என்று சொல்ல முடியாது. பிரான்சில் வோகான்சன் 18-ம் நூற்றாண்டின் நடுவிலேயே இரும்பாலான லேத் செய்திருந்தார். அமெரிக்காவில் டேவிட் வில்கின்சன் 1798-ல் திருகு வெட்டும் இயந்திரத்துக்குக் காப்புரிமை வாங்கினார். ஆனால் எல்லாவற்றையும் ஒன்று சேர்த்து, மற்றவர்களும் பார்த்துச் செய்யும்படி ஒரு மாதிரியாக ஆக்கியவர் மாட்ஸ்லே.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. இப்போது டூலைக் கை பிடிக்கவில்லை. டூல் எந்தப் பாதையில் போகும் என்பதை லேத்தின் பெட்தான் முடிவு செய்கிறது. பெட் நேராக இருந்தால் தண்டு நேராக வரும், பெட் கோணினால் தண்டும் கோணும். கண் பார்த்துத் திருத்த இடமே இல்லை. மனிதனின் திறமை, மனிதனின் தப்பு இரண்டும் ஒரே நாளில் இரும்புக்கு இடம் மாறி விட்டன.

இதனால் கிடைத்த லாபம் சாதாரணமானது அல்ல. போர்ட்ஸ்மவுத் துறைமுகத்தில் கப்பல் பாய்மரங்களுக்கான கப்பி செய்ய, மார்க் புரூனல் வடிவமைத்த 45 இயந்திரங்களை மாட்ஸ்லே செய்து கொடுத்தார். 110 கைதேர்ந்த ஆட்கள் செய்த வேலையை, பயிற்சி இல்லாத 10 ஆட்கள் செய்தார்கள். 1808-ல் வருடத்துக்கு 1,30,000 கப்பிகள்! இயந்திரம் நேராக நின்றால்தான் இந்தக் கணக்கு எல்லாம்.

நேர் என்றால் என்ன?

சரி, பெட் நேராக இருக்க வேண்டும். "நேர்" என்பதை எதை வைத்துச் சரி பார்ப்பது? ஒரு ஸ்கேலை வைத்துப் பார்க்கலாம். அந்த ஸ்கேல் நேராக இருக்கிறதா? அதை இன்னொரு ஸ்கேல் வைத்துப் பார்க்கலாம். அந்த இன்னொரு ஸ்கேல்?

முட்டையா கோழியா கதைதான்.

மாட்ஸ்லே தன் பட்டறையில் ஆட்கள் வேலை செய்யும் மேஜைகளிலேயே தட்டையான உலோகப் பலகைகளை வைத்திருந்தார். செய்த பாகத்தை அதன் மேல் வைத்துச் சரி பார்க்க வேண்டும் என்பது அவர் போட்ட ஒழுங்கு. அந்தப் பட்டறையில் 1825 முதல் வேலை பார்த்தவர் ஜோசப் விட்வொர்த். பிற்காலத்தில் திருகு மரைகளுக்கு 55 டிகிரி அளவு வைத்துப் பொதுத்தரம் (1841) கொண்டு வந்தாரே, அவரேதான்.

தட்டைப் பலகைகளை உருவாக்க விட்வொர்த் வற்புறுத்திய வழி மிக அழகானது. இரண்டு பலகைகளை ஒன்றோடு ஒன்று பொருத்திப் பார்த்தால் போதாது. ஒன்று நடுவில் குழிந்தும் மற்றொன்று நடுவில் புடைத்தும் இருந்தால் இரண்டும் கச்சிதமாகப் பொருந்தும், ஆனால் இரண்டுமே தட்டை அல்ல! எனவே மூன்று பலகைகள் வேண்டும். முதலாவதும் இரண்டாவதும் பொருந்த வேண்டும், இரண்டாவதும் மூன்றாவதும் பொருந்த வேண்டும், மூன்றாவதும் முதலாவதும் பொருந்த வேண்டும். ஒன்று குழி என்றால் மற்ற இரண்டும் புடைப்பு, அந்த இரண்டு புடைப்பும் தங்களுக்குள் பொருந்தாது. ஆக மூன்றும் ஒன்றுக்கொன்று பொருந்த ஒரே வழி, மூன்றும் தட்டையாக இருப்பதுதான். எண்ணெயில் குழைத்த சாயத்தைத் தடவி, ஒன்றை ஒன்றின் மேல் தேய்த்து, சாயம் ஒட்டிய மேடுகளைச் சுரண்டி எடுப்பார்கள். மறுபடி தேய்ப்பார்கள், மறுபடி சுரண்டுவார்கள். பொடி போட்டு அரைத்துத் தேய்க்கும் பழைய வழியை விட இந்தச் சுரண்டும் வழி மேல் என்று 1840-ல் கிளாஸ்கோ நகரில் அறிஞர்கள் கூடிய மாநாட்டில் விட்வொர்த் எடுத்துச் சொன்னார்.

வேறு எந்த நேரான பொருளும் இல்லாமல், வெறும் பொறுமையை மட்டும் வைத்து மனிதன் "நேர்" என்பதை உண்டாக்கி விட்டான்.

1817-ல் ரிச்சர்ட் ராபர்ட்ஸ் செய்த இழைப்பு இயந்திரமும் இதே ரகம்தான். உலோகத்தைத் தட்டையாக இழைக்கும் அந்த இயந்திரத்தை அவர் உளியாலும் அரத்தாலும் கையாலேயே செய்தார். இப்படித்தான் பெரிய பெரிய லேத் பெட்கள் பிறந்தன.

தொழிற்சாலையில் நேர், பட்டறையில் கோணல்

இங்கேதான் தரை உள்ளே வருகிறது.

தொழிற்சாலையில் நேராக இழைத்த பெட், வாங்கியவரின் பட்டறைக்கு வந்ததும் கோணி விடுகிறது. ஏன்? வார்ப்பிரும்பு கல் மாதிரி என்று நினைக்கிறோம். ஆனால் அதுவும் வளையும், அதுவும் முறுகும். ஈரத் துண்டை இரண்டு கையால் பிடித்து முறுக்குவதைக் கற்பனை செய்து கொள்ளுங்கள். லேத்தின் நான்கு கால்களில் மூன்று கால் தரையில் பட்டு, நான்காவது கால் அந்தரத்தில் நின்றால், லேத் தன் எடையாலேயே அந்தப் பக்கம் தொய்யும். அந்த நிலையில் போல்ட் போட்டு இறுக்கினால் கேட்கவே வேண்டாம், துண்டை முறுக்கியது போல்தான். முக்காலி எந்தத் தரையிலும் ஆடாது, நாற்காலி ஆடும் என்பது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். லேத் ஒரு நாற்காலி. ஆனால் எடை காரணமாக ஆடாமல் முறுகிக் கொள்ளும் நாற்காலி!

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்க்கலாம்.

முன் காலுக்கும் பின் காலுக்கும் இடையே 300 மி.மீ. இருக்கிறது. தண்டு சுழலும் மையம் பெட்டுக்கு மேலே 200 மி.மீ. உயரத்தில் இருக்கிறது. டெயில்ஸ்டாக் பக்கம் உள்ள ஒரு கால் வெறும் 0.1 மி.மீ. இறங்கி இருக்கிறது. 0.1 மி.மீ. என்றால் ஒரு ஜெராக்ஸ் தாளின் தடிமன். அந்த முனையில் டூல் பக்கவாட்டில் நகரும் அளவு 0.1 x 200 / 300, அதாவது சுமார் 0.067 மி.மீ. தண்டின் விட்டத்தில் இது இரண்டு மடங்காகும், சுமார் 0.13 மி.மீ.

பேரிங் மாட்ட வேண்டிய தண்டில் அனுமதிக்கும் பிழை, நூறில் ஓரிரண்டு பங்கு மில்லிமீட்டர்தான். ஒரு தாள் தடிமன் தரைக் கோணல், அந்தத் தண்டை ஓட்டை இரும்பாக்கி விடும்.

ரசமட்டத்தின் கதை

தரையின் கோணலை எப்படிக் கண்டுபிடிப்பது? கொத்தனார் கையில் இருக்கிற ரசமட்டம்தான் இங்கேயும். பெயரில் ரசம் இருந்தாலும் உள்ளே இருப்பது பாதரசம் அல்ல, ஸ்பிரிட்.

பழைய எகிப்தியர்களிடம் தூக்குக்குண்டு கட்டிய முக்கோணச் சட்டம் இருந்தது. கண்ணாடிக் குழாய்க்குள் திரவத்தை அடைத்து, ஒரு குமிழியை விட்டு, அந்தக் குமிழி நடுவில் நிற்கிறதா என்று பார்க்கும் யோசனை 1661-ம் ஆண்டு வாக்கில் பிரான்சின் மெல்கிசெதெக் தெவனோ என்பவருக்குத் தோன்றியது. தன் கருவியைப் பற்றி லண்டனில் இருந்த ராபர்ட் ஹூக் போன்றவர்களுக்கும் அவர் தெரியப்படுத்தினார்.

கொத்தனாரின் ரசமட்டம் லேத்துக்குப் போதாது. இயந்திரங்களுக்கான ரசமட்டம் ஒரு மீட்டருக்கு 0.02 மி.மீ. சாய்வைக் காட்டும். அதாவது ஒரு மீட்டர் நீளமுள்ள பலகையின் ஒரு முனையில், தலைமுடியின் தடிமனில் சுமார் மூன்றில் ஒரு பங்கு உயர்த்தினால் போதும், குமிழி ஒரு கோடு நகர்ந்து விடும். இது எப்படி முடிகிறது? அந்தக் கண்ணாடிக் குழாய் பார்ப்பதற்கு நேராகத் தெரிந்தாலும் உள்ளே லேசான வளைவு உண்டு. கோடுகளுக்கு இடையே 2 மி.மீ. இடைவெளி என்றால், அந்த வளைவு 100 மீட்டர் ஆரமுள்ள வட்டத்தின் ஒரு துண்டு! ஒரு ஃபுட்பால் மைதானத்தின் நீளத்தை ஆரமாகக் கொண்ட வட்டத்தை, விரல் நீளக் குழாய்க்குள் தேய்த்து வைத்திருக்கிறார்கள்.

மட்டம் முக்கியமா?

இப்போது ஒரு குறும்புக் கேள்வி. கப்பலில் லேத் ஓடுமா?

ஓடும். இரண்டாம் உலகப் போரில் பழுது பார்க்கும் கப்பல்கள் என்றே தனி ரகம் இருந்தது. 1941 டிசம்பரில் பேர்ல் ஹார்பரில் அரிசோனா கப்பலின் பக்கத்தில் கட்டி நின்ற வெஸ்டல் அப்படிப்பட்ட ஒரு கப்பல்தான். இந்த மாதிரிக் கப்பல்களில் முழு இயந்திரப் பட்டறையே இருக்கும். கடல் ஆட, கப்பல் ஆட, லேத்தும் கூடவே ஆடும். மட்டம் என்ற பேச்சுக்கே இடமில்லை. ஆனாலும் தண்டு நேராக வரும்.

எப்படி? லேத்துக்கு மட்டம் தேவையே இல்லை. அதற்குத் தேவை முறுகாமல் இருப்பது மட்டும்தான். மொத்த லேத்தும் ஒரே மாதிரி சாய்ந்தால் ஒன்றும் கெடாது. ஒரு முனை ஒரு மாதிரியும் மறு முனை வேறு மாதிரியும் சாய்ந்தால்தான் ஆபத்து.

அப்படியானால் ரசமட்டம் எதற்கு? அது ஒரு சாட்சி. பூமி இழுக்கும் திசை ஹெட்ஸ்டாக் பக்கமும் டெயில்ஸ்டாக் பக்கமும் ஒன்றுதான். அந்த ஒரே சாட்சியை இரண்டு இடத்திலும் விசாரித்து, இரண்டு வாக்குமூலமும் ஒத்துப் போகிறதா என்று பார்க்கிறார்கள். பூமி உருண்டை, எனவே அந்தத் திசையும் இடத்துக்கு இடம் மாறுமே என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். 10 மீட்டர் நீள லேத்தில் பூமியின் வளைவால் நடுவில் வரும் வித்தியாசம் சுமார் 0.002 மி.மீ. சாதாரண லேத்துகளுக்கு மறந்து விடலாம்.

தூக்கி நிறுத்துவது எப்படி?

நூறு வருடத்துக்கும் மேலாகப் பட்டறைகளில் நடக்கிற முறை ஏறக்குறைய ஒன்றுதான்.

முதலில் உயரம். ஸ்பிண்டில் மையம் ஏறக்குறைய ஆளின் முழங்கை உயரத்தில் இருக்க வேண்டும். தாழ்ந்த லேத்தில் நாள் முழுக்கக் குனிந்து நிற்கிற டர்னரின் முதுகு என்ன ஆகும்? அதனால்தான் லேத்தைத் தூக்கி, கான்கிரீட் மேடையோ இரும்புக் கட்டையோ அடியில் கொடுக்கிறார்கள்.

தூக்கும்போது நினைவில் வைக்க வேண்டியது, லேத்துக்குத் தலைக்கனம் அதிகம்! ஹெட்ஸ்டாக் பக்கம்தான் எடை. மேல் பக்கம் கனமாகவும் கால் பக்கம் குறுகலாகவும் இருப்பதால் கொஞ்சம் சாய்ந்தாலும் கவிழ்ந்து விடும். டெயில்ஸ்டாக்கையும் சேடிலையும் கடைசி முனைக்குத் தள்ளினால் எடை ஓரளவு சமமாகும். லீட் ஸ்க்ரூவிலோ ஸ்பிண்டிலிலோ கயிறு கட்டித் தூக்கவே கூடாது, வளைந்து விடும். கடப்பாரையால் ஒரு முனையை ஓர் அங்குலம் நெம்பி, உடனே மரக்கட்டை கொடுத்து, பிறகு மறு முனையை நெம்ப வேண்டும். ஜாக்கி தூக்கத்தான், தாங்க அல்ல. கட்டை கொடுக்காமல் அடியில் கை விட்டவர்கள் விரலை இழந்திருக்கிறார்கள்.

அடுத்தது தரை. ஒவ்வொரு காலுக்கும் அடியில் தடித்த இரும்புத் தகடு வேண்டும், இல்லாவிட்டால் எடை ஒரே புள்ளியில் இறங்கித் தரை நொறுங்கும். புதுக் கான்கிரீட் என்றால் அது நன்றாக இறுகும் வரை, வழக்கமாக 28 நாள், பொறுப்பது நல்லது.

பிறகுதான் ரசமட்டம். முதலில் ரசமட்டத்தையே சோதிக்க வேண்டும். ஓர் இடத்தில் வைத்துக் குமிழியைப் பார்த்து, அதே இடத்தில் இடம் வலமாகத் திருப்பி வைக்க வேண்டும். இரண்டு தடவையும் குமிழி அறையின் ஒரே திசையில் அதே அளவு நகர்ந்தால், சாய்ந்திருப்பது லேத். திருப்பியதும் குமிழியும் எதிர்த் திசைக்கு மாறினால், பொய் சொல்வது ரசமட்டம். கை சூடு பட்டாலும் குமிழி நகரும், எனவே வைத்து விட்டுச் சில நிமிடம் காத்திருக்க வேண்டும்.

பெட்டின் குறுக்கே ஹெட்ஸ்டாக் அருகில் ஒரு தடவை, டெயில்ஸ்டாக் முனையில் ஒரு தடவை பார்க்க வேண்டும். இரண்டும் ஒரே அளவு காட்டும் வரை, கால்களுக்கு அடியில் ஆப்பையோ மெல்லிய தகட்டையோ கொடுத்துக் கொண்டே போக வேண்டும். ஒரு காலை உயர்த்தினால் மற்ற கால்களின் கணக்கு மாறும். எனவே சுற்றிச் சுற்றி வர வேண்டியதுதான். போல்ட்டை இறுக்கியதும் மறுபடி பார்க்க வேண்டும், ஏனென்றால் இறுக்கும்போதே மறுபடி கோணும்.

கடைசித் தீர்ப்பைச் சொல்வது தண்டு. தடித்த தண்டு ஒன்றைச் சக்கில் மட்டும் பிடித்து, டெயில்ஸ்டாக் ஆதாரம் இல்லாமல், சக் அருகிலும் வெளி முனையிலும் லேசாகக் கடைந்து இரண்டு விட்டங்களையும் அளக்க வேண்டும். வெளி முனை தடிப்பாக வந்தால் டூல் அங்கே டர்னர் பக்கமாக விலகிப் போகிறது என்று அர்த்தம். டெயில்ஸ்டாக் பக்கத்தின் முன் காலைக் கொஞ்சம் உயர்த்தினால் சரியாகும். மெலிந்து வந்தால் பின் காலை உயர்த்த வேண்டும். சில வாரம் கழித்து எல்லாவற்றையும் மறுபடி ஒரு தடவை பார்க்க வேண்டும். தரையும் உட்காரும்!

தப்பு யாருடையது?

இதெல்லாம் வெறும் தொழில்நுட்பம் என்று நினைத்தால், சம்பளம் உள்ளே வரும் இடத்தைப் பாருங்கள்.

19-ம் நூற்றாண்டில் பல பட்டறைகளில் கூலி, செய்த பாகத்தின் எண்ணிக்கைக்குத்தான். தள்ளுபடியான பாகத்துக்குக் காசு கிடையாது. லேத் கோணியதால் தண்டு கெட்டால் அந்த நஷ்டம் யார் தலையில்? டர்னர் தலையில்! "கூடம் கோணல்" என்று அவர் சொன்னால் யார் கேட்பார்கள்?

1878-ல் ஃபிலடெல்பியாவின் மிட்வேல் இரும்பாலையில் சேர்ந்த ஃபிரெடரிக் டெய்லரை மேலாண்மை படித்தவர்கள் எல்லோருக்கும் தெரியும். அறிவியல் மேலாண்மையின் தந்தை என்று பரீட்சைக்குப் படிப்போமே, அவர்தான். அங்கே அவர் லேத் ஆட்களுக்குத் தலைவரானார். உற்பத்தியைக் கூட்டச் சொல்லி அவருக்கும் ஆட்களுக்கும் இரண்டு மூன்று வருடம் ஓயாத சண்டை. இயந்திரங்கள் உடைய ஆரம்பித்தன. டெய்லர் அதிகமாக விரட்டுவதால் உடைகின்றன என்றார்கள் ஆட்கள். வேண்டுமென்றே உடைக்கிறார்கள் என்றார் டெய்லர். முடிவில், இயந்திரம் எந்தக் காரணத்தால் உடைந்தாலும் பழுதுச் செலவில் ஒரு பங்கை ஓட்டுகிறவர் கட்ட வேண்டும் என்று சட்டம் போட்டார். இயந்திரத்தை விசாரிக்க வழி இல்லை, எனவே மனிதனுக்குத் தண்டனை.

இன்னொரு சண்டை, விற்றவருக்கும் வாங்கியவருக்கும். "எங்கள் தொழிற்சாலையில் நேராகத்தான் ஓடியது" என்பார் விற்றவர். "இங்கே கோணலாக ஓடுகிறதே" என்பார் வாங்கியவர். இரண்டு பேர் சொல்வதும் உண்மை. நடுவில் இருக்கிற தரையை யாரும் பார்ப்பதில்லை.

இந்த வழக்குகளுக்கு ஒரு முறையைக் கொண்டு வந்தவர் ஜார்ஜ் ஷ்லெசிங்கர். 1874-ல் பெர்லினில் பிறந்தவர். 1904-ல் சார்லாட்டன்பர்க் தொழில்நுட்பக் கல்லூரியில் இயந்திரக் கருவிகளுக்கான பேராசிரியர் ஆனார். முதல் உலகப் போரில் கை கால் இழந்த வீரர்களுக்குச் செயற்கை உறுப்புகளைச் சோதிக்கும் பணியையும் செய்தார். இயந்திரக் கருவிகளைச் சோதிப்பது எப்படி என்ற அவருடைய புத்தகம் 1927-ல் வந்தது. எந்த இடத்தில் எந்தக் கருவியை வைக்க வேண்டும், எவ்வளவு பிழை வரை ஏற்கலாம் என்று ஒவ்வொரு வகை இயந்திரத்துக்கும் பட்டியல் போட்டார். மற்ற சோதனைகளுக்கு எல்லாம் முன்பாக வருவது, இயந்திரத்தை ரசமட்டம் வைத்துச் சரியாக நிறுத்துவது. தரைக் கணக்கை முடித்து விட்டுத்தான் இயந்திரத்தின் மேல் குற்றம் சொல்ல வேண்டும். இயந்திரக் கணக்கை முடித்து விட்டால், மனிதன் மேல் கண்ணை மூடிக் கொண்டு குற்றம் சொல்லவும் முடியாது.

இயந்திரங்களுக்கு இப்படி நியாயமான விசாரணை வாங்கித் தந்த அந்த மனிதருக்கு அது கிடைக்கவில்லை. அவர் யூதர். 1933-ல் நாஜிகள் அவரைக் கைது செய்து மாதக்கணக்கில் சிறையில் வைத்தார்கள். 30 வருடம் கட்டி வளர்த்த பதவி போனது. 1934-ல் ஜெர்மனியை விட்டு வெளியேறி, சுவிட்சர்லாந்து, பெல்ஜியம் என்று அலைந்து இங்கிலாந்து போய்ச் சேர்ந்தார். அங்கேயும் ஆராய்ச்சியை விடவில்லை. 1949-ல் அங்கேயே இறந்தார். அவருடைய சோதனை முறைகள் மட்டும் எல்லைகளைத் தாண்டி எல்லா நாடுகளுக்கும் போய்ச் சேர்ந்தன. அவரைச் சிறையில் போட்ட நாட்டுக்கும்தான்.

நம்ம ஊர் வரை

இந்தியாவில் 1953-ல் பெங்களூரில் எச்.எம்.டி. நிறுவனம், சுவிட்சர்லாந்தின் ஓர்லிக்கான் நிறுவனத்தின் கூட்டுறவோடு தொடங்கப்பட்டது. முதலில் செய்ய எடுத்துக் கொண்டது லேத்தைத்தான். கோவையில் லேத் பட்டறைகள் பெருகியது பஞ்சாலைகளாலும் 1930களில் வந்த பைக்காரா மின்சாரத்தாலும். ஆலை இயந்திரங்களுக்கு உதிரி பாகம் வேண்டும், அதற்கு லேத் வேண்டும், லேத்துக்கு நல்ல தரை வேண்டும். 1937-ல் அதே ஊரில் மின் மோட்டார் தயாரானது என்றால், அதன் தண்டை நேராகக் கடைந்து கொடுத்த லேத்தும் எங்கோ நேராக நின்றிருக்க வேண்டும்.

இன்று கணிப்பொறி ஓட்டும் சி.என்.சி. இயந்திரங்கள் வந்து விட்டன. ஆனாலும் புது இயந்திரம் வந்து இறங்கியதும் அதைப் பொருத்த வருகிற ஆள் முதலில் பையிலிருந்து எடுப்பது மடிக்கணினியை அல்ல. ஒரு மரப்பெட்டிக்குள் துணியில் சுற்றி வைத்த ரசமட்டத்தை!

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். சொல்லி விட்டுச் சிரித்தவர்களில் ஒருவராவது கூடத்தில் ஒரு ரசமட்டத்தை வைத்துப் பார்த்தார்களா? பார்த்து விட்டுச் சிரித்திருக்கலாம்.